வாழைமர நோட்டும் சயாம் ரயிலும்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

(திரையில்: 10 வெள்ளி (டாலர்) நோட்டு, அதில் வாழைமரம்)

வணக்கம், ஆசிரியர்களே. ஜப்பான்காரன் காலத்தில், அதாவது ஜப்பான் மலாயாவைப் பிடித்து ஆண்ட 1941-45இல், பினாங்கில் புழங்கிய பணம் இது. முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. அப்புறம் அதையும் விட்டுவிட்டு, அடித்துத் தள்ளினார்கள்.

நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதைக் காட்டி, "உங்கள் வீட்டு பிரிண்டரில் இப்படி அடித்தால் என்ன வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். ஐஸ் கச்சாங்கில் தொடங்கி கொம்தார் கோபுரத்தையே விலை பேசுவார்கள். சரி, பக்கத்து வீட்டுக்காரரும் அடித்தால்? "அப்போ ஐஸ் கச்சாங் ஒரு லட்சம், டீச்சர்!" என்று ஏதாவதொரு வாண்டு கத்தும். பணவீக்கம் புரிந்துவிட்டது.

(திரையில்: முள் நகரும் சுவர்க் கடிகாரம்)

கடிகாரத்தையும் விடவில்லை. தோக்கியோ நேரம் என்று ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஆண்டுக் கணக்கும் மாறியது: 1942, ஜப்பானியக் கணக்கில் 2602. ஒரே மூச்சில் 660 வருஷம்! வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குக்கூட இப்படியொரு சாக்கு கிடைக்காது.

இங்கே சிரிப்பு ஆட்சியின் ஆணவத்தின் மேல். ஜப்பானியர் பேசுவதுபோல் நக்கல் செய்தால் அது வேறு சமாச்சாரம், வேண்டாம். 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் சனங்கள் வானத்தில் விமானம் பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள், குண்டு விழுந்தது. அவர்களின் வெள்ளந்தித்தனத்தை வைத்து ஜோக் அடிக்காதீர்கள். அடுத்த சில நாளில் வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகளைத் தாராளமாகக் கிண்டல் செய்யலாம்.

காவலுக்கு நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்காமல் அறை வாங்கிய கதையைத் தாத்தாமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அறை வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. நமக்கு இல்லை என்பது என் கட்சி.

(திரையில்: சயாம், பர்மா வரைபடம். பின்னணி இசை வேண்டாம்.)

இப்போது சயாம் மரண ரயில்: சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில் பாதை. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பிடித்துக்கொண்டு போனது பாதி, ஆசை காட்டிக் கூட்டிப்போனது பாதி. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொன்னார்கள்.

இங்கே நிறுத்திக் கேளுங்கள்: "எந்த வெள்ளி?"

பிள்ளைகளே சொல்வார்கள். சற்றுமுன் அவர்கள் சிரித்த அதே காசு. காலராவும் பட்டினியும் பிறகு வரட்டும். அங்கே வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் பல மடங்கு இறந்தார்கள் என்பதும் வரட்டும். முதலில் அந்த ஏமாற்று உறைக்க வேண்டும்.

"என் பாட்டனும் போனாரா?" என்ற கேள்வி நிச்சயம் எழும். அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இந்தப் பகுதியைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.