கதவைத் திறந்தது வெற்றி, கணக்கைக் காட்டியது தோல்வி

நடுவர் அவர்களே! "ஒருமுறை ஜெயித்தவருக்குத்தான் முதலீட்டாளர் கதவைத் திறப்பார், ஆகவே அடுத்தடுத்து கம்பெனி தொடங்குபவருக்கு வெற்றியே ஆசான்" என்றார் எதிரணித் தலைவர். தோல்வியே ஆசான் என்பது எங்கள் அணி. கதவு திறக்கும், மறுக்கவில்லை. உள்ளே போனவர் என்ன செய்தார்?

அமெரிக்காவில் லூயிஸ் பார்டர்ஸ் என்பவர் 1971-ல் சகோதரரோடு புத்தகக்கடை தொடங்கி, அதைப் பெரிய சங்கிலியாக வளர்த்தவர். எந்தக் கடைக்கு எந்தப் புத்தகம் எத்தனை வேண்டும் என்று கணிக்கும் முறைதான் அவர் பலம். அந்தத் தெம்பில் வீட்டுக்கே மளிகை கொண்டுபோகும் வெப்வேனைத் தொடங்கினார். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் டெலிவரி ஆரம்பம். ஜூலையிலேயே 26 கிடங்குகள் கட்ட பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்துடன் 100 கோடி டாலர் ஒப்பந்தம்! முதல் கிடங்கைக் கட்டியதே நாளுக்கு 8,000 ஆர்டரை நம்பி. அது நிரம்புமா என்று பார்க்க ஒரு மாதம் போதுமா, ஐயா? ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கன்வேயருக்கும் குளிர் அறைக்கும் வேனுக்கும் செலவு ஓடும். புத்தகம் அலமாரியில் ஆறு மாதம் காத்திருக்கும்; கீரை காத்திருக்குமா? 2001 ஜூலையில் திவால்.

இப்போது ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் என்ற தொழில்முனைவரைப் பாருங்கள். அவருடைய முதல் ஆன்லைன் விளையாட்டு கரைசேரவில்லை. அதிலிருந்து பிறந்த ஃபிளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளத்தை 2005-ல் யாஹூ வாங்கியது. வெற்றி என்ன கற்றுத்தந்தது? மறுபடியும் விளையாட்டே எடுக்கச் சொன்னது! (எதிரணி சிரிக்க வேண்டாம்.) 2011-ல் வந்த கிளிட்ச் என்ற அந்த விளையாட்டு, கைபேசிக்குப் பொருந்தாத ஃபிளாஷ் மென்பொருளில் ஓடியது, மக்களோ கைபேசிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2012 டிசம்பரில் மூடினார். மூடிய விதத்தைக் கவனியுங்கள்: வங்கியில் பணம் மிச்சமிருக்கும்போதே முடிவெடுத்தார், விளையாடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார், ஊழியருக்கு வேறு வேலை தேட உதவினார்.

கணக்கு எளிது. கையிருப்பு 60 லட்சம், மாதச் செலவு 5 லட்சம் என்றால் ஆயுள் 12 மாதம். கடைசி மாதத்தில் மூடினால் மிஞ்சுவது சம்பள பாக்கி. நாலைந்து மாதம் இருக்கையில் மூடினால் அடுத்த முயற்சிக்கு விதைநெல் மிஞ்சும். பட்டர்ஃபீல்டின் குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கட்டிவைத்திருந்த அரட்டைக் கருவிதான் அந்த விதைநெல்லில் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலி ஆனது. 2020-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதற்குப் பேசிய விலை 2,770 கோடி டாலர்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. அடுத்து வரும் எதிரணி நண்பர், அந்த 26 கிடங்குகளுக்கு ஆர்டர் கொடுக்கச் சொன்னது எந்தத் தோல்வி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும்.