முதல் தடவை பிடிபடும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

சிறார் இல்லங்களில் பல வருடங்கள் மனநல ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். ஒரு பையன் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறான். 14 வயது, செல்போன் திருடிய வழக்கு. வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ஹேர்பின்னை வளைத்து, என் மேசைப் பூட்டைத் திறந்து காட்டினான். "அறையில இருக்கிற அண்ணன் சொல்லிக்கொடுத்தாங்க மேடம்" என்றான். பாராட்டுவேன் என்று நினைத்த முகம் அது.

சிறார் குற்றம் என்றாலே 'உள்ளே தள்ளு, பயம் வரட்டும்' என்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயமுறுத்திப் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் 1970களில் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, போகாதவர்களைவிடப் போய்வந்த பிள்ளைகளே அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

நியூசிலாந்து 1989-இல் வேறு வழி எடுத்தது. பிள்ளை குற்றத்தை மறுக்காவிட்டால், நீதிபதி முடிவெடுக்கும் முன்பே குடும்பத்தார், போலீஸ், விருப்பப்பட்டால் பாதிக்கப்பட்டவர் என எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். பையைப் பறிகொடுத்த பெண், "அன்றிலிருந்து இருட்டினால் வெளியே போகவே பயமாக இருக்கிறது" என்று நேருக்கு நேர் சொல்வதை அந்தப் பிள்ளை கேட்டாக வேண்டும். அதுவும் பெற்ற தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அப்புறம் மன்னிப்பு, இழப்பீடு, எத்தனை மணி நேர உழைப்பு என்று எழுதி வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கம்பிக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இதுதான் கடினம்.

கொடூரமான குற்றங்களுக்கு அடைத்து வைப்பது தேவைப்படலாம், சரி. அதையும் கடைசி வழியாக, முடிந்தவரை குறுகிய காலத்துக்குத்தான் செய்ய வேண்டும் என்கிறது ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை. அப்படி அடைக்கும் இடம் சிறியதாக, உள்ளேயே பாடம் நடப்பதாக, அம்மா வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கட்டும்.

அரசுகளிடம் நான் கேட்பது முக்கியமாக ஒன்றுதான். முதல் தடவை பிடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே ஒருவர் போக வேண்டும். அதற்கு ஆளும் பணமும் ஒதுக்குங்கள். நான் சொன்ன பையனின் வழக்கு விசாரணைக்கு வர 11 மாதம் ஆனது. அதற்குள் பள்ளியில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். நீதிபதி செல்போனைப் பற்றிக் கேட்டதும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்த செல்போன் மேடம்?" என்றான்.