எந்தப் பகுதியில் தொடங்கச் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

"டெக்கலாக் பாருங்க, அருமையான தொடர்." உலக சினிமா பேசுகிற நண்பர்கள் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கேட்டவரும் அன்றிரவே முதல் பகுதியைப் போடுவார். ஒரு மணி நேரத்தில் நெஞ்சு கனத்துப்போய் எழுந்திருப்பார். இரண்டாம் பகுதியை அவர் தொடவே மாட்டார். சொன்னவர் பெயரோடு நிறுத்திக்கொண்டதால் வந்த வினை இது. பத்துப் பகுதிகளில் இவருக்கு எது பொருந்தும், எதற்குப் பின் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பரிந்துரை.

முதலில் தொடரைப் பற்றி. போலந்து இயக்குநர் கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி, பியெசெவிச் என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து எழுதி, போலந்துத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. 1989இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம். வார்சாவில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே வசிப்பவர்களின் பத்துத் தனித்தனிக் கதைகள். ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று கிடையாது. அதனால் முதல் பகுதியில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

புதிதாகப் பார்ப்பவருக்கு இந்த மூன்றை இதே வரிசையில் சொல்லுங்கள்: இரண்டு, எட்டு, பத்து. மூன்றும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டில் ஒரு முதிய மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெறுபவரின் மனைவி வந்து, "என் கணவர் பிழைப்பாரா, மாட்டாரா?" என்று கேட்கிறாள். அவர் சொல்லப்போகும் பதிலை வைத்து அவள் ஒரு பெரிய முடிவை எடுக்க வேண்டும். கதையை இவ்வளவு சொன்னால் போதும், இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். எட்டாம் பகுதியில் ஒரு பேராசிரியை அறவியல் வகுப்பு எடுக்கிறார். அங்கே ஒரு மாணவி எடுத்துவைக்கும் சிக்கல், இரண்டாம் பகுதியில் நாம் பார்த்த அதே கதை. எட்டை முதலில் பார்த்துவிட்டால் இரண்டின் விடை கைக்கு வந்துவிடும், பிறகு அந்த மருத்துவர் வாய் திறக்கும் காட்சியில் பதற்றமே இருக்காது. அதே எட்டாம் பகுதியில், தபால்தலை சேகரிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சில நிமிடங்கள் வந்துபோவார். அவர் முகத்தை மறக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவையுங்கள். பத்தாம் பகுதி அவருடைய இரண்டு மகன்களின் கதை. மொத்தப் பத்துப் பகுதிகளிலும் சிரிக்கவைக்கும் பகுதி அது ஒன்றுதான். மற்றவற்றின் கனத்துக்குப் பிறகு வரும்போது அந்தச் சிரிப்பின் அருமை தெரியும்.

எட்டுக்கு மட்டும் கொஞ்சம் வரலாறு தேவை. நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த வார்சாவில் யூதர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால், கொடுத்தவருக்கும் மரண தண்டனை. இது தெரியாதவருக்கு, 1943இல் ஒரு யூதச் சிறுமிக்கு அடைக்கலம் மறுக்கப்பட்டதாக அந்தக் கதையில் வருவதன் பாரம் பாதிதான் விளங்கும். மற்ற பகுதிகளுக்கு இப்படி முன்னுரை வேண்டியதில்லை. அன்றைய போலந்தின் கடை வரிசைகளையும் ரேஷன் அட்டைகளையும் அரசியலையும் கீஸ்லோவ்ஸ்கி தெரிந்தே ஒதுக்கிவைத்தார். நமக்கு அது பெரிய வசதி. மூன்றாம் பகுதி கிறிஸ்துமஸ் முந்தின இரவில் நடப்பது. அன்று எதிர்பாராத விருந்தாளிக்காகச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பது போலந்து வழக்கம். இதைச் சொல்லிவைத்தால், கூப்பிடாமல் வந்து நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்ப்பவர் வேறு மாதிரி பார்ப்பார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தலைப்பு பத்துக் கட்டளைகளைக் குறிக்கிறது. ஆனால் பகுதிகளுக்கு எண் மட்டும்தான், கட்டளையின் வாசகம் எங்கும் வராது. போலந்து கத்தோலிக்க நாடு. கத்தோலிக்கர் முதல் இரண்டு கட்டளைகளை ஒன்றாக எண்ணி, கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிப்பார்கள். நம் ஊர் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவருக்குக் 'கொலை செய்யாதிருப்பாயாக' ஆறாவது கட்டளை. இந்தத் தொடரில் அது ஐந்து. எண் மாறினால் எல்லாமே ஒரு படி தள்ளிப்போகும், 'இந்தக் கதைக்கும் கட்டளைக்கும் என்ன சம்பந்தம்?' என்று அவர் திணறுவார். எண் சரியாக இருந்தாலும்கூட ஒவ்வொரு கதையையும் ஒரே கட்டளைக்குள் அடைக்கப் பார்ப்பது வீண்வேலை. கதைகள் வேலி தாண்டுகின்றன, அதுதான் அவற்றின் அழகு.

இனி எச்சரிக்கைகள். முதல் பகுதி அப்பாவும் சிறுவயது மகனும் பற்றியது. பத்தில் தலைசிறந்தது எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள், என் கணிப்பும் அதுவே. ஆனால் குழந்தையை இழந்த வீட்டுக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். நான்காம் பகுதியை அப்பாவும் வயதுவந்த மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள், இருவருமே நெளிவார்கள். ஐந்தில் ஒரு கொலை நடக்கிறது. அது சட்டென்று முடிவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் பழக்கம் உள்ளவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தப் பகுதியின் படம் பச்சையும் மஞ்சளுமாக, ஓரங்கள் இருண்டு தெரியும். டிவி பழுது என்று எண்ணி நிறத்தை மாற்றப் போவார்கள்! அது ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்ஜியாக் கேமராவுக்கு முன்னால் பொருத்திய ஃபில்டர்களின் வேலை. பத்துப் பகுதிகளுக்கு ஒன்பது ஒளிப்பதிவாளர்கள். மூன்றையும் ஒன்பதையும் மட்டும் ஒருவரே எடுத்தார்.

ஐந்துக்கும் ஆறுக்கும் திரையரங்கு வடிவங்களும் உண்டு. இரண்டும் 1988இல் வந்தவை: கொலை பற்றிய குறும்படம், காதல் பற்றிய குறும்படம். பெயரில்தான் குறும்படம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பெயரைச் சொல்லும்போது எந்த வடிவம் என்பதையும் சொல்லுங்கள். இல்லையென்றால் இருவர் இரண்டு வடிவங்களைப் பார்த்துவிட்டு வீணாக வாதாடுவார்கள். குறிப்பாக ஆறில். தொலைக்காட்சி வடிவத்தின் முடிவு வேறு, திரையரங்கு வடிவத்தின் முடிவு வேறு. திரைப்படத்துக்கு இன்னும் இதமான ஒரு முடிவு வேண்டும் என்று கேட்டவர் கதாநாயகியாக நடித்த கிராஜினா ஷபொவோவ்ஸ்கா. முதலில் தொலைக்காட்சிப் பகுதி, சில வாரம் கழித்துத் திரைப்படம், இது என் யோசனை. அடுத்தடுத்த நாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

பார்க்கும் திரையையும் கவனியுங்கள். தொடர் பழைய டிவி அளவில், நாலுக்கு மூன்று என்ற கணக்கில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதுதான் சரி. முழுத்திரைக்கு இழுத்தால் முகங்கள் உப்பும், 'ஜூம்' செய்தால் நெற்றி வெட்டுப்படும், சில நேரம் சப்டைட்டிலும் கீழே மறைந்துபோகும். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு டிவியில் இருந்தால் அதையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். மூன்று பகுதிகள் முடிந்த பிறகு, அதற்கு முன் வேண்டாம், இதைக் காதில் போடுங்கள்: ஒரு வார்த்தைகூடப் பேசாத இளைஞன் ஒருவன் பகுதிக்குப் பகுதி வருகிறான். முதல் பகுதியில் உறைந்த ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பான், மூன்றில் டிராம் ஓட்டுவான், நான்கில் படகைத் தோளில் சுமந்து வருவான். அவனாக நடித்தவர் ஆர்தர் பார்ட்சிஷ். அவனைத் தேடியே பார்த்தவற்றை மறுபடி போடுவார்கள். அப்படித் தேடும்போது பழைய ஆட்களும் கண்ணில் படுவார்கள். ஐந்தில் டாக்சிக்குக் காத்து நிற்கும் கணவன் மனைவி யார் என்பது இரண்டைப் பார்த்தவருக்கே தெரியும். ஏழிலும் பத்திலும் மட்டும் அந்த இளைஞன் இல்லை. ஏழுக்காக எடுத்த காட்சி சரியாக அமையாததால் வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டில் தேடிக் களைத்துப்போக வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.