மண்டபத்தில் மாநாடு, வாட்ச்மேன் அண்ணன், நான் போட்ட கூச்சல்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது நம்ம வேலூர்க் கோட்டை அகழி. வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். கல்யாணத்துக்கு இல்லை. உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கைக்காசு போட்டு நடத்திய கேமிங் மாநாடு. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வாடகையைக் குறைத்திருக்கிறார்கள். சந்தனம், கற்கண்டு வைக்கும் மேஜையில் நுழைவுப் பட்டையைக் கையில் கட்டினார்கள். மணமகன் அறையில் பிளேஸ்டேஷன். மணமகள் அறையில் காஸ்பிளே, அதாவது கேம் பாத்திரங்கள் மாதிரி வேஷம் போடுகிறவர்களின் ஒப்பனை. அந்த அறை அதற்கென்றே கட்டியது மாதிரி இருந்தது. பந்திக் கூடத்தில் போர்டு கேம். மேஜையில் விரிக்கும் காகிதச் சுருளைக் கிழித்து அதிலேயே ஸ்கோர் எழுதினார்கள். மணமேடையில் பத்துக் கம்ப்யூட்டர் போட்டு வேலரண்ட் போட்டி, அணிக்கு ஐந்து பேராகச் சுட்டு ஆடும் கேம்.

கல்யாண மண்டபத்தில் மாநாடா என்று சிரிக்காதீர்கள். 1968-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸ் என்பவர் ஜென் கான் என்ற விளையாட்டு மாநாட்டை முதல் முறை நடத்தியபோது அவர் 50 டாலருக்கு வாடகை பிடித்தது தோட்டக்கலைக்கான ஒரு கூடம். அடுத்த ஆண்டு அதே கூட்டத்தில்தான் டேவ் ஆர்னசன் என்ற இன்னொரு ஆட்டக்காரரைச் சந்தித்தார். அந்த இருவர் சேர்ந்து செய்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் விளையாட்டு 1974-ல் வந்தது. பெரிய வீடியோ கேம் கம்பெனிகள் கடை விரித்த இ3 கண்காட்சி 1995-ல் தொடங்கியது, 2023-ல் இனி கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். கூடி உட்கார்ந்து ஆடத் தொடங்கிய ஜென் கான் இண்டியானாபோலிஸில் இன்னும் நடக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கேம் ஆடுகிறவர்களைப் பற்றித்தான் என் பிஎச்டி. நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறவள். இரண்டும் ஒத்துப்போகும் என்று ஹென்றி ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொல்லிவிட்டார். 1992-லேயே, நானும் ரசிகன்தான் என்று சொல்லிக்கொண்டே ரசிகர்களைப் பற்றி ஆராய்ச்சி எழுதியவர். படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்து நான் கவனித்தது ஆடுகிறவர்களை இல்லை, நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர்களை. பழைய பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தன் காசு கட்டி ஆடுவான், மூன்று பேர் பின்னால் நின்று யோசனை சொல்லியே ஆட்டத்தைக் கற்றுக்கொள்வார்கள். இங்கேயும் அதே கூட்டம். நடுவில் டிபன் டப்பாவோடு வந்த ஓர் அம்மா, "இதுல காசு கட்டி ஆடுறாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். ஆன்லைன் ரம்மி பயம். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் காசு கட்டி ஆடுவதைத்தான் தடுக்கிறது, இ-ஸ்போர்ட்ஸ், அதாவது இந்த மாதிரி கேம் போட்டி, வேறு என்று விளக்கினேன். பாதிதான் நம்பினார்.

அப்புறம்தான் வாட்ச்மேன் அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கேட்டில் நிற்க வேண்டியவர், மேடையோரமே பழியாகக் கிடந்தார். ஒரு மணி நேரத்தில் வேலரண்ட் திரையின் இடது மேல் மூலையில் இருக்கும் குட்டி வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். எதிரி நம் ஆள் கண்ணில் பட்டால் அதில் சிவப்பாகத் தெரியும். ஆடுகிறவனின் கண் திரை நடுவில் குறி பார்த்துக்கொண்டிருக்கும், மூலையைப் பார்க்க நேரமிருக்காது. அண்ணனுக்கு யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று பார்ப்பதுதானே தொழில்! என் நோட்டில் நான்கு பக்கம் அவரைப் பற்றியே இருக்கிறது.

அரையிறுதி. ஸ்கோர் 10-10. நான் எங்கள் தெருப் பிள்ளைகளின் அணி. எதிரணியில் ஒரு பையன் வாசலைக் குறி வைத்து அசையாமல் நிற்கிறான், எங்கள் ஆள் பக்கவாட்டில் போகிறான். அண்ணன் பையனின் தோளைத் தட்டி, "தம்பி, செவப்பு வந்துகினு கீது பாரு!" என்றார். பையன் திரும்பிச் சுட்டான். ரவுண்டு போச்சு.

"ரூல்ஸ்! வெளியாள் சொல்லக் கூடாது!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல். என் குரல். காலையிலிருந்து எந்த மனிதரைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாக எழுதினேனோ, அவரையே மாட்டிவிட்டேன். நடத்துகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, அண்ணனை கேட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ரவுண்டில் எதிரணி சும்மா நின்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது.  தெருக் கிரிக்கெட் தீர்ப்பு. எங்கள் அணி 13-11 ஜெயித்தது. குதித்தேன். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரத்துக்கு என் நோட்டில் ஒரு வரி இல்லை.

ராத்திரி டீ வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். "நீதானே கத்துன, பார்த்தேன்" என்றார். கோபம் எதுவும் இல்லை. அவர் ஊரில் கோயில் திண்ணைக் கல்லிலேயே ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்குமாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறந்தால் திண்ணையை விட்டு இறக்கிவிடுவார்களாம். "நீ கத்துனது சரிதான்" என்று எனக்கே தீர்ப்புச் சொன்னார்.

"அப்போ எதுக்குண்ணா தட்டுனீங்க?"

"புலி வருதுன்னு கண்ணுக்குத் தெரியுதே, எப்படிம்மா சும்மா நிக்கிறது?"

இதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே ஏசியும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இழுத்து மெயின் விழுந்துவிட்டது. ஜெனரேட்டர் போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டீ கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.