சைக்கிள் வேலையை விட்டு வந்ததே சரி

நடுவர் அவர்களே, வெள்ளவத்தைச் சபையோரே, வணக்கம்.

நகரத்தில் சைக்கிளைப் பரப்பும் வேலையில் இருப்பவர் உள்ளே நின்று உழைக்க வேண்டுமா, விலகி வர வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. விலகுவதே சரி என்று பேச வந்திருக்கிறேன். அந்த வேலையில் நான்கு வருடம் இருந்து, போன மாதம் விலகல் கடிதம் கொடுத்தவன் நான்.

எதிரணி அண்ணன், “நாற்று நட்டவனே வயலை விட்டுப் போகலாமா?” என்று கேட்டார். அண்ணை, அந்த வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2022 ஜூனில் இலங்கையில் இருந்த எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. மாத முடிவில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்றார்கள். கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர்கள்கூட கொழும்பின் காலி வீதியில் சைக்கிள் மிதித்துப் போனார்கள். எந்தச் சுவரொட்டி அவர்களைக் கூட்டி வந்தது? 90களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தைச் சைக்கிள்தானே சுமந்தது? அங்கேயும் யாரும் பிரசாரம் செய்யவில்லை.

அப்புறம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்தது, வரிசை குறைந்தது. வந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பிப் போய்விட்டார்கள். ஏன்? வீதி மாறவில்லை. சைக்கிளுக்குரியது வீதியின் இடது ஓரம். பஸ் தரிப்பிடமும் அதே ஓரத்தில்தான். நிறுத்திய கார்களும் அங்கேதான். ஒரு பயிற்சி நாளில் பம்பலப்பிட்டி அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, பஸ் ஆள் ஏற்ற இடப்பக்கம் வெட்டினால் நான் எங்கே போறது?” என்னிடம் பதில் இல்லை. கையில் துண்டுப்பிரசுரம் மட்டும் இருந்தது. அதை அவரிடம் நீட்ட மனம் வரவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமும் வரவில்லை.

உள்ளே நின்று அந்தக் கேள்வியைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை தொப்பி, எத்தனை படம் என்றுதான் எங்களுடைய அறிக்கை கணக்குக் காட்டியது. தனிப்பாதை வேண்டும், தரிப்பிடத்தில் பஸ்ஸும் சைக்கிளும் மோதாத ஏற்பாடு வேண்டும் என்று நான் எழுதிய வரிகள் ஒவ்வொரு முறையும் வெட்டப்பட்டன. அனுமதி தருகிறவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். சம்பளம் வாங்கும்வரை அந்த வரிகளைச் சபையில் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. இன்று, இதோ, சொல்லிவிட்டேன்.

“நீ போனால் அந்த இடம் வெறுமையாகும்” என்றார் எதிரணித் தங்கை. அந்த மேசைக்கு வேறொருவர் வருவார் தங்கச்சி, நல்லாகவே செய்வார். அந்த அக்காவுக்குப் பக்கத்தில் சைக்கிளில் போக ஆள் வேண்டுமே. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பஸ்கள் குறைந்த நேரத்தில், கடலோர மரைன் டிரைவ் வீதி வழியே அவரோடு இன்னும் நான்கு பெண்கள் வருகிறார்கள். பஸ் தரிப்பிடங்களில் இறங்கி நின்று, எங்கே எது இடறுகிறது என்று அவர்களே குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்புகளை மாநகர சபைக்கு எடுத்துக்கொண்டு போகும்போது, அந்த அக்காதான் பேசப்போகிறார். நான் பக்கத்தில் நிற்பேன்.

நன்றி, வணக்கம்.