கண்ணாடிக்குள் ஒரு அறை

வணக்கம் நேயர்களே. அலமாரி செய்ய வரும் ஆசாரி டேப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு அளவு எடுப்பார், மேலே ஒரு அளவு எடுப்பார், இரண்டும் ஒத்துப்போகாது. "சுவர் நேரா இல்லைங்க" என்பார். அவருடைய கவலைதான் என் பிழைப்பும். ஏற்கெனவே நிற்கிற கட்டடங்களை லேசர் ஸ்கேனரால் அளந்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக்குகிறோம்.

முக்காலியில் கருவி சுற்றிக்கொண்டே ஒளியை விடும். சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கிலேயே ஒளி 30 சென்டிமீட்டர் போய்விடும், அவ்வளவு நுணுக்கமான கணக்கு. கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகள். ஆனால் ஒன்று, அதற்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது. புள்ளி மட்டும்தான் தெரியும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. முகப்பில் ஆள் உயர பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தது, நாங்கள் அதை மூட மறந்துவிட்டோம். சென்னை வந்து பார்த்தால், மாடல் போடும் தம்பி முகப்புக்குப் பின்னால் தூண்களோடு அழகான ஒரு அறையை வரைந்து வைத்திருக்கிறான். "சார், இதுக்கு வாசலே இல்ல" என்று வேறு சொல்கிறான். எனக்கும் ஆசை விடவில்லை. அந்தக் காலத்து வீடு, பூட்டி மறைத்த அறையாக இருக்குமோ என்று வீட்டு ஆச்சிக்கே போன் போட்டேன். "எனக்குத் தெரியாம எங்க மாமனார் எப்பப்பா அத கட்டினாரு?" என்றார். அப்புறம்தான் தூண்களைக் கவனித்தோம், எல்லாம் இடவலம் மாறிய அதே முகப்புத் தூண்கள்! கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பிப்போய்த் தூணைத் தொட்டு, வந்த வழியே கருவிக்கு வந்திருக்கிறது. கருவியோ, ஒளி நேராகத்தான் போயிருக்கும் என்று நம்பி, கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி வைத்துவிட்டது. மறுபடி சொல்கிறேன், அதற்குத் தெரிந்தது புள்ளி மட்டும்தான். எது சுவர், எது பிம்பம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, சுவர் கோணலுக்கு வருகிறேன். பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தை 2010இல் ஆண்ட்ரூ டாலன் என்கிற கலை வரலாற்றுப் பேராசிரியர் ஸ்கேன் செய்தார். 50க்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை வைத்து, 100 கோடிக்கும் மேல் புள்ளிகள் எடுத்தார். மேற்குப் பக்கத் தூண்கள் ஒரே வரிசையில் இல்லை என்பது அதில் தெரிந்தது. ஏற்கெனவே நின்றதை இடிக்காமல், அதை ஒட்டியே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். 2018இல் அவர் இறந்தார், 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது. 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கும்வரை நடந்த சீரமைப்புக்கு, தீக்கு முன் எடுத்த ஸ்கேன்கள் உதவின. யாராவது "நேராக்கி" வரைந்திருந்தால் அந்தக் கோணல் சொன்ன கதையே போயிருக்கும்.

என் தம்பிகளுக்கும் நேராக்கத்தான் கை துறுதுறுக்கும், மென்பொருளில் சுவரை இழுத்தால் செங்குத்தாகத்தானே எழும்புகிறது! ஏசி குழாய் ஓட்டத்தான் மாடல் என்றால் 2 சென்டிமீட்டர் சாய்வை விட்டுவிடலாம், விரிசல் பார்க்கவென்றால் விடவே கூடாது. அதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சுக்குள் ஓடும் ஒயர், பைப் பற்றிப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், அந்த அறை நிஜம்தான் போலிருக்கிறது. லேசர் பூச்சுக்குள் போகாது, அதை மட்டும் மனதில் வையுங்கள். மாடலைப் பார்த்துத் துளை போடாதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வணக்கம்.