ஏழைக்கு ஆயுள் ஏன் குறைகிறது? பிளாக் அறிக்கையும் அதன் அரசியலும்

[திரை: தட்டச்சில் அடித்து நகலெடுத்த அறிக்கை]

பிரிட்டன், 1980 ஆகஸ்ட். பொது விடுமுறை நேரம் பார்த்து பிளாக் அறிக்கை வெளியாகிறது. மருத்துவர் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு, உடல்நலத்தில் வர்க்க ஏற்றத்தாழ்வு ஏன் என்று ஆராய்ந்து எழுதியது அது. மொத்தமே 260 பிரதிகள்தான். பரிந்துரைகளுக்கு ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் ஆகும், கட்டுப்படியாகாது என்று முன்னுரையிலேயே கைவிரித்துவிட்டார் அமைச்சர் பேட்ரிக் ஜென்கின். 1977இல் இந்த ஆய்வைக் கேட்டது தொழிற்கட்சி அரசு. அறிக்கை தயாரானபோது ஆட்சியில் இருந்தவர் பழமைவாதக் கட்சியின் தாட்சர்.

அப்படி என்னதான் சொன்னது? 1948லிருந்தே எல்லோருக்கும் இலவச மருத்துவம். இருந்தும், ஓய்வு வயதுக்கு முன்பே இறக்கும் ஆபத்து, உயர்தொழில் செய்யும் ஆண்களைவிடத் திறன்சாராத் தொழிலாளிகளுக்கு இரண்டரை மடங்கு.

[திரை: நான்கு பெட்டிகள்]

இதற்கு நான்கு விளக்கங்களை அறிக்கை எடைபோட்டது. சண்டையே இங்கேதான், எந்த விளக்கத்தை ஏற்கிறோமோ, செலவு யார் தலையில் என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

ஒன்று, கணக்குப் பிழை. இறந்தவரின் தொழிலைப் பதிவாளரிடம் சொல்வது உறவினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொல்வது வீட்டில் உள்ளவர்கள். இறந்தவரின் வேலையை ஒரு படி உயர்த்திச் சொல்வது மனித இயல்பு, இரண்டும் பொருந்தாவிட்டால் தொழில்வாரி இறப்பு விகிதமும் பிசகும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 1971 கணக்கெடுப்பிலிருந்து 1% பேரை எடுத்து, அவர்களின் இறப்புப் பதிவோடு இணைத்துப் பார்த்தபோதும் ஏற்றத்தாழ்வு மறையவில்லை.

இரண்டு, நோயாளி வேலை இழந்து கீழே சரிகிறார் என்ற வாதம். ஓரளவு உண்மை. ஆனால் பச்சிளங்குழந்தை இறப்பிலும் அதே படிவரிசை தெரிகிறதே! குழந்தை எந்த வேலையை இழந்தது?

மூன்று, புகையும் உணவும். அதாவது அவரவர் பழக்கம். அரசுகளுக்கு மிகவும் பிடித்த விளக்கம், துண்டறிக்கை அடித்தால் போதும். 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதைச் சோதித்தது. எல்லோரும் லண்டன் அரசு அலுவலக ஆண்கள், யாரும் வறுமையில் இல்லை. கடைநிலை ஊழியர்களிடம் இதயநோய் இறப்பு உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கழித்தாலும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது.

நான்கு, வருமானம், வீடு, வேலைச் சூழல். அறிக்கை அழுத்தம் கொடுத்தது இதற்குத்தான். செலவு பிடிக்கும் விளக்கமும் இதுதான்.

[திரை: இரண்டு கோடுகள்]

எண்களைக் கவனியுங்கள். மேல்தட்டில் இறப்பு 100இலிருந்து 50ஆகவும், கீழ்த்தட்டில் 200இலிருந்து 120ஆகவும் குறைவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 100இலிருந்து 70ஆகச் சுருங்கிவிட்டது என்பார் அமைச்சர். இரண்டு மடங்காக இருந்தது 2.4 மடங்காகிவிட்டது என்பார் எதிர்க்கட்சிக்காரர். இரண்டு கணக்குமே சரி.